வன்னிக் களப்புகளில் இளங்கழுகுகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கே கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களாக விரியும் வன்னிப் பெருநிலம், பெருமலை எதுவும் இல்லாவிட்டாலும் மழைநீர் வழிந்தோடுவதற்குப் போதிய சாய்வைக் கொண்ட நிலமாகும். இங்குள்ள ஆறுகளில் எதுவும் ஆண்டு முழுவதும் ஓடுவதில்லை. வடகீழ்ப் பருவமழை பெய்யும் ஐப்பசி தொடக்கம் தை வரையான மாதங்களில் பெருகி, வழியிலுள்ள குளங்களை நிரப்பி, எஞ்சிய நீரைக் கடலிலோ கிழக்குக் கரையோரக் களப்புகளிலோ சேர்த்துவிட்டு, கோடையில் மணற்படுகையாகிக் கிடக்கின்றன. களப்பு என்பது மணற்றிட்டு ஒன்றினால் கடலிலிருந்து பிரிக்கப்பட்டு, குறுகிய முகத்துவாரத்தினூடாக மட்டும் கடலோடு தொடர்புகொள்ளும், நன்னீரும் உவர்நீரும் கலந்த ஆழங்குறைந்த நீர்ப்பரப்பாகும். சுண்டிக்குளம், நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் என வடக்கிலிருந்து தெற்காக அமைந்த இக்களப்புகள் மீனையும் இறாலையும் வளர்க்கின்றன. அவற்றை நாடி நீர்ப்பறவைகள் வருகின்றன. அவ்விரண்டையும் நாடிக் கழுகுகள் வருகின்றன. அக்கழுகுகளின் இளையனவற்றைக் காணச் செல்லும் பயணம் ஆகவே நீரின் போக்கைப் பின்பற்றிச் செல்லும் பயணமாகவே அமைகிறது.

இங்குக் கழுகு என்னும் சொல் உயிருள்ள இரையைப் பிடிக்கும் பெரிய வேட்டைப்பறவைகளைக் குறிப்பதற்கே கையாளப்படுகிறது. தமிழில் அதே பெயரால் சுட்டப்படும் பிணந்தின்னிக் கழுகுகள் இலங்கையில் நிலையாக வாழ்வதில்லை. வன்னியில் காணக்கூடிய கழுகுகளுள் நான்கு இப்பயணத்துக்கு முக்கியமானவை. கடலோரத்துக்கும் களப்புக்கும் உரியது வெண்வயிற்றுக் கடற்கழுகு; நன்னீர்க் குளங்களுக்கு உரியது சாம்பல்தலை மீன்கழுகு; காட்டோரங்களில் வாழ்பவை கொண்டைப் பாம்புக்கழுகும் குடுமிக்கழுகும். வீட்டுக் கோழிக்குஞ்சைத் தூக்கிச் செல்லும் குற்றம் முழுவதையும் கிராமத்தவர்கள் ‘பிராந்து’ என்ற ஒரே பெயரின் மேல் சுமத்திவிடுவதால், இந்நான்கையும் செம்பருந்தையும் வேறு பிரித்தறியும் பொறுப்பு பார்வையாளரையே சேர்கிறது.

தெற்கிலிருந்து வருவோர் கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 வீதியில் வவுனியாவைக் கடந்து, ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் வழியாக வடக்கே செல்வர். 2006 ஆகஸ்டில் மூடப்பட்டு உள்நாட்டுப் போர் முடிந்த பின்னரே மீண்டும் திறக்கப்பட்ட இவ்வீதியில், முறிகண்டிப் பிள்ளையாரை வணங்காமலும் அங்கே விற்கும் கச்சானை வாங்காமலும் செல்லும் வாகனங்கள் குறைவு. கனகராயன் ஆறு வடக்கு நோக்கிச் சென்று இரணைமடுக் குளத்தில் சேர்கிறது. ஹென்றி பாக்கர் என்னும் நீர்ப்பாசனப் பொறியியலாளர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் முன்மொழிந்து, 20ஆம் நூற்றாண்டின் முதல் இரு தசாப்தங்களில் கட்டப்பட்ட அக்குளம், மழை மிகுந்த ஆண்டுகளில் வான் பாய்கின்றது, அதாவது கொள்ளளவை மீறிய நீரை வான்கதவுகளின் வழியே வெளியேற்றுகின்றது. அந்த நீர் கடைசியில் சென்றடையும் இடமே சுண்டிக்குளம். இரணைமடுவின் வான்கதவுகள் எவ்வளவு திறக்கப்படுகின்றன என்பது களப்பின் உவர்ப்பையும், உவர்ப்பு மீன்களையும், மீன்கள் கழுகுக் குஞ்சின் தீனியையும் தீர்மானிக்கின்றன என்பதை நோக்கும்போது, வேளாண்மைக்காகக் கட்டப்பட்ட குளமொன்று காட்டுயிர்ச் சரணாலயத்தையும் சேர்த்தே நடத்தி வருவதாகக் கொள்ளலாம்.

சுண்டிக்குளம் 1938 பெப்ரவரியில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் இயற்றப்பட்ட, 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமே இத்தகைய அறிவிப்புகளுக்கு அடிப்படையாகும். அச்சட்டத்தின்படி சரணாலயம் என்பது, தனியார் காணிகளையும் உள்ளடக்கக்கூடியதும், மக்கள் தமது வழமையான தொழில்களைத் தொடரக்கூடியதுமான ஒரு பாதுகாப்பு எல்லை. தேசியப் பூங்கா என்பது, முழுவதும் அரச காணியில் அமைந்து, அனுமதி பெற்றவர்கள் காட்டுயிர்களைப் பார்ப்பதற்காக மட்டுமே நுழையக்கூடிய இடம். 2015 யூனில் சுண்டிக்குளம் தேசியப் பூங்காவாகத் தரம் உயர்த்தப்பட்டது. அதன் பரப்பு 19,565 ஹெக்டேயர். போரினால் பலமுறை இடம்பெயர்ந்து மீண்டுவந்த மக்கள், தாம் தொழில் செய்த நீரும் தாம் குடியிருந்த காணியும் எந்தெந்தத் திணைக்களத்தின் எல்லைக்குள் வந்துவிட்டன என்று கேட்டு நிற்கும் ஒரு பிரதேசத்தில், இத்தகைய தரமுயர்வு பறவைகளுக்கு நன்மை தந்ததா என்னும் கேள்வியை மக்களின் கேள்வியிலிருந்து பிரித்துக் கேட்க முடியாது. வாடி அமைத்துத் தங்கி இறால் பிடிக்கும் மீனவரைப் பகைத்துக்கொண்டு களப்பொன்றைக் காத்த நாடு உலகில் எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

பரந்தனில் ஏ9 வீதியை விட்டுக் கிழக்கே திரும்பும் முல்லைத்தீவு வீதியில், கண்டாவளை, தருமபுரம் ஆகிய பகுதிகளிலிருந்து வடக்கே பிரியும் கிறவல் வீதிகள் களப்பை நோக்கிச் செல்கின்றன. வயல் முடிந்து பனங்கூடல் தொடங்குகிறது. பனங்கூடல் முடிந்து முட்பற்றையும் உவர் நிலமும் வருகின்றன. அதற்கப்பால் வெயிலில் கூசும் நீர். மார்கழி தொடக்கம் மாசி வரையான மாதங்களில் மத்திய ஆசிய வான்வழியாக, அதாவது சைபீரியாவிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரையான வலசைப் பாதையினூடாக, வந்து சேரும் வாத்துகளும் உள்ளான்களும் மூக்கான்களும் பூநாரைகளும் இங்கே கூடுகின்றன. பெரும்பாலான பயணிகள் பூநாரைகளைப் பார்ப்பதற்கே வருகிறார்கள். பூநாரை நிற்கும் இடத்தைத் தேட வேண்டியதில்லை, கழுகைத் தேடவேண்டும். ஆயினும் அதற்கு எளிய வழியொன்று உண்டு. நீரில் பரந்து மேய்ந்துகொண்டிருக்கும் நாமக்கோழிகள் திடீரென ஒன்றையொன்று நெருக்கிக் கருந்திரளாகக் குவிந்து, நீரைக் கால்களால் அடித்துக் கலக்கினால், மேலே கடற்கழுகு வந்துவிட்டது என்று கொள்ளலாம். தனித்து நிற்கும் பறவையைப் பிடிப்பதே கழுகுக்கு எளிது என்பதால் அவை அவ்வாறு குவிகின்றன.

முதிர்ந்த வெண்வயிற்றுக் கடற்கழுகைக் கண்டவர் மறப்பது கடினம். தலையும் மார்பும் வயிறும் தூய வெண்மை. முதுகும் சிறகின் மேற்புறமும் சாம்பல். விரித்த சிறகுகளின் அகலம் ஏறத்தாழ 2 மீற்றர். ஆப்பு வடிவிலான குட்டை வால். வட்டமிடும்போது இரு சிறகுகளும் உடலுக்கு மேலே உயர்ந்து நிற்கும் தோற்றம். பெண் பறவை ஆணைவிடப் பெரியது. இவ்வினத்தை 1788இல் அறிவியல் முறைப்படி விவரித்துப் பெயரிட்டவர் ஜேர்மானியரான கிமெலின். இந்தியாவின் கரைகள் தொடக்கம் அவுஸ்திரேலியா வரை பரந்து வாழும் இது, நிலையான இணையாக வாழ்ந்து, உயர்ந்த மரமொன்றின் கவரில் சுள்ளிகளால் பெருங்கூடு அமைத்து, ஆண்டுதோறும் அதே கூட்டின்மேல் புதிய சுள்ளிகளை அடுக்கி, உள்ளே பச்சிலை பரப்பிப் பயன்படுத்துகிறது. பல ஆண்டுகள் பழகிய கூடு ஒரு மனிதர் படுத்து உறங்கக்கூடிய அளவுக்குப் பெருகிவிடுவதுண்டு.

வெண்ணிற முட்டைகள் பெரும்பாலும் இரண்டு. அவை சில நாள் இடைவெளியில் இடப்படுகின்றன. முதல் முட்டை இட்டதுமே அடைகாத்தல் தொடங்கிவிடுவதால், ஏறத்தாழ ஆறு வாரங்களின் பின் முதற்குஞ்சு வெளிவரும்போது இரண்டாவது இன்னும் ஓட்டுக்குள்ளேயே இருக்கும். இந்தச் சில நாள் வேறுபாடு உயிரின் விலையாகிறது. மூத்த குஞ்சு வலுத்துவிட, தீனி குறைந்த ஆண்டுகளில் இளையது பட்டினியால் இறந்துபோகிறது. இதைக் கொடுமை என்று எழுதுவது எளிது. ஆனால் களப்பில் மீன் மிகுந்த ஆண்டில் இரண்டும் பிழைக்க, குறைந்த ஆண்டில் ஒன்றேனும் முழு வலிமையோடு பறக்க இடந்தரும் முறை அது என்பதையும் கூறியாக வேண்டும். வெண்பூஞ்சிறகோடு பிறக்கும் குஞ்சுக்குத் தாய் முதலில் மீனைச் சிறு நாராகக் கிழித்து ஊட்டுகிறது. வளர்ந்தபின் பெற்றோர் இரையைக் கூட்டில் போட்டுவிட்டுச் சென்றுவிட, குஞ்சே அதைக் காலால் மிதித்துக் கிழிக்கப் பழகுகிறது. பத்து வாரங்களை அண்மித்த பருவத்தில் அது கூட்டின் விளிம்பில் நின்று, காற்று வீசும் திசைக்கு முகங்கொடுத்துச் சிறகடித்துப் பார்க்கிறது. பின்னர் பக்கத்துக் கிளைக்குத் தாவுகிறது. அதன் பின்னரே முதற்பறப்பு. பறந்தபின்னும் பல வாரங்கள், சில வேளைகளில் மாதக்கணக்கில், அது பெற்றோரின் எல்லையை விட்டு நீங்காமல் இரைந்து தீனி கேட்டுக்கொண்டே திரியும். பார்வையாளருக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த காலம் இதுவே.

ஆனால் அந்தக் காலத்தில் அதை அடையாளம் காண்பது எளிதன்று. இளங்கடற்கழுகில் வெண்மை இல்லை. உடல் முழுவதும் கபிலம்; இறகோரங்களில் வெளிர்மஞ்சள்; தலை மங்கிய வைக்கோல் நிறம்; சிறகின் அடியில் வெளிறிய திட்டு; வால் அடியில் வெளிறி, நுனியில் கருமை. இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் இறகுதிர்த்து இறகு முளைக்கும்போது தலையும் மார்பும் சிறிது சிறிதாக வெளுக்க, நான்காம் ஆண்டில் அழுக்கு வேட்டி உடுத்தியதுபோன்ற தோற்றம் வந்து, ஐந்தாம் ஆண்டளவில் முதிர்ந்த கோலம் நிறைவுறுகிறது. இதற்கு நேர்மாறானது குடுமிக்கழுகு. அதன் குஞ்சு வெண்தலையும் வெண்மார்புமாகப் பறக்கத் தொடங்கி, ஆண்டுகள் செல்லச் செல்லக் கபிலமாகிக் கோடுகள் பெறுகிறது. ஆகவே களப்போரத்தில் வெள்ளைக் கழுகு முதியது, காட்டோரத்தில் வெள்ளைக் கழுகு இளையது. புதிதாகப் பார்ப்பவர்கள் பலர் இவ்விரண்டையும் மாற்றி எழுதிவைப்பதற்கு வேறு காரணம் தேவையில்லை.

இளம்பறவை ஏன் தன் பெற்றோரின் நிறத்தை இத்தனை ஆண்டுகள் தள்ளிப்போடுகிறது என்பதற்குப் பறவையியலாளர் கூறும் விளக்கங்களுள் ஒன்று, முதிர்ந்த நிறம் எல்லைக்கும் இணைக்கும் உரிமை கோரும் அறிவிப்பு என்பதாகும். அந்த அறிவிப்பைச் செய்யாத இளசை, எல்லையுடைய பறவை ஓரளவு பொறுத்துக்கொள்கிறது. அமெரிக்காவின் தேசியப் பறவையான வெண்தலைக் கழுகும் கடற்கழுகினத்தைச் சேர்ந்ததே. அதன் வெண்தலையும் ஐந்தாம் ஆண்டளவிலேயே வருகிறது. மேலும் அதன் இளம்பறவையின் சிறகிறகுகளும் வாலிறகுகளும் முதிர்ந்தவற்றினும் நீளமானவை. பறக்கப் பழகாத உடலுக்கு அகன்ற சிறகு தரும் கூடுதல் தாங்கல் அது.

வேட்டையை இளங்கடற்கழுகு கற்பதைக் காண்பதற்குப் பொறுமை மிக வேண்டும். கடற்கழுகு பெரும்பாலும் நீருக்குள் பாய்ந்து மூழ்குவதில்லை; நீர்மட்டத்தையொட்டித் தாழ்ந்து வந்து, கால்களை முன்னே நீட்டி, மேற்பரப்பிலுள்ள மீனையோ கடற்பாம்பையோ நகங்களால் கவ்விச் செல்கிறது. கால்களை முன்னிட்டு நீருக்குள் முழுதாகப் பாய்வது, குளிர்காலத்தில் வலசை வரும் விராலடிப்பான். இளங்கழுகு முதலில் உயரத்தைத் தவறவிடுகிறது, பின்னர் வேகத்தைத் தவறவிடுகிறது. ஒளி நீருக்குள் நுழையும்போது வளைவதால் மீன் இருப்பதாகத் தோன்றும் இடம் வேறு, இருக்கும் இடம் வேறு என்பதை அது தவறித் தவறியே அறிந்துகொள்கிறது. மிதக்கும் பனையோலைத் துண்டைத் தூக்கிச் சென்று மேலிருந்து விட்டு மீண்டும் பிடிப்பதுபோன்ற விளையாட்டுகள் வேட்டைப்பறவைகளின் இளசுகளிடம் பொதுவானவை. கொக்கிடமிருந்தோ செம்பருந்திடமிருந்தோ விராலடிப்பானிடமிருந்தோ மீனைப் பறிக்கத் துரத்துவதும், கரைவலை இழுத்த இடத்தில் எஞ்சிய மீனைப் பொறுக்குவதும் அதன் முதல் ஆண்டைத் தாங்குகின்றன. வீரம் என்று கவிகள் கழுகின்மேல் ஏற்றிய பண்பு, அந்த முதல் ஆண்டில் பெரும்பாலும் பறிப்பும் பொறுக்கலுமே.

வானத்தை அண்ணாந்து பார்ப்பது வன்னியில் அண்மைக் காலம்வரை ஓய்வுநேரப் பழக்கமாக இருந்ததில்லை என்பதைப் பயணி மனத்தில் கொள்ள வேண்டும். வேவு விமானத்தை ‘வண்டு’ என்றும் குண்டுவீச்சு விமானத்தைக் ‘கிபிர்’ என்றும் ஒலியைக் கொண்டே பிரித்தறிந்த ஒரு தலைமுறை இங்கு வாழ்கிறது. அத்தலைமுறையினர் நடுவே தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்பவர், தாம் எதைப் பார்க்கிறார் என்பதை ஊரவர்க்கு முதலில் சொல்லிவிடுவது மரியாதை. அதேபோல, கண்ணிவெடி அகற்றும் பணி நீண்ட காலம் நடந்த நிலம் இது. சிவப்புப் பலகை உள்ள இடத்தில் மட்டுமன்றி, பலகை இல்லாத பற்றைக்குள்ளும் பறவையின் பின்னே நடக்காமல், மக்கள் புழங்கும் பாதையிலேயே நிற்பது அறிவுடைமை. கழுகுக்கும் அதுவே நல்லது. கடற்கழுகு கூட்டருகே மனித நடமாட்டத்தைச் சகிக்காத இனம். அடைகாக்கும் காலத்தில் அடிக்கடி குழப்பப்பட்ட இணை முட்டையைக் கைவிட்டுச் செல்வது பல நாடுகளில் பதிவாகியுள்ளது. ஒளிப்படத்துக்காக மரத்தடி வரை செல்பவரின் ஆர்வம், வேட்டைத் துவக்கு இல்லாமலே அதே வேலையைச் செய்துவிடக்கூடும்.

கண்டாவளைப் பகுதியிலேயே புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோயில் உள்ளது. பங்குனியில் பொங்கலுக்காகப் பல ஊர்களிலிருந்தும் மக்கள் கூடும் இத்தலத்தில் பாம்பு தெய்வம். சூழவுள்ள காட்டோரங்களிலோ பாம்பு உணவு. கொண்டைப் பாம்புக்கழுகு மரக்கிளையில் அசையாது நெடுநேரம் அமர்ந்திருந்து, கீழே அசையும் பாம்பின்மேல் இறங்குகிறது. அதன் கால்களை மூடிய தடித்த செதில்கள் பாம்பின் கடிக்குக் கவசமாகின்றன. இது ஒரே முட்டை இடும். ஆகவே உடன்பிறப்பின் போட்டி இல்லை. ஆனால் அந்த ஒன்று தவறினால் அந்த ஆண்டு முழுவதும் தவறியதாகும்.

உள்நாட்டுக் குளங்களில் நிலைமை வேறு. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம் போன்ற குளங்களின் அலைகரையில், அதாவது நீர் ஏறி இறங்கும் விளிம்பில், மருத மரங்கள் நிற்கின்றன. அவற்றின் பட்ட கிளைகளில் சாம்பல்தலை மீன்கழுகு அமர்ந்திருக்கும். உலக அளவில் அச்சுறுத்தலை அண்மித்த இனமாகப் பட்டியலிடப்பட்ட இது, அதிகம் பறக்காதது. ஆனால் இனப்பெருக்க காலத்தில் எழுப்பும் பெருங்குரலால் தன்னைக் காட்டிக்கொள்வது. இலங்கைக் குளங்களில் 1952இல் அறிமுகப்படுத்தப்பட்ட திலாப்பியா மீன், நாட்டு மீன்களுக்கு இடையூறு என்று குறைகூறப்பட்டாலும், குளத்து மீனவருக்கு வருமானமாகவும் மீன்கழுகுக்கு உணவாகவும் ஆகிவிட்டது. சிறுபோகத்துக்கு, அதாவது கோடைக்கால நெற்செய்கைக்கு, நீர் திறந்துவிடப்பட்டுக் குளம் வற்றும்போது மீன் ஆழங்குறைந்த நீரில் அடைபடுகிறது. அவ்வாண்டு பறந்த இளங்கழுகு தானே வேட்டையாடவேண்டிய காலமும் அதனோடு பொருந்தி வருகிறது.

குளமும் களப்பும் காக்கப்பட்டுள்ளன; மரம் காக்கப்பட்டுள்ளதா என்பதே வன்னியின் கழுகுகளைப் பற்றிக் கேட்கவேண்டிய கேள்வி. சுண்டிக்குளமும், 1951இல் சரணாலயமான கொக்கிளாயும் நீர்ப்பறவைகளுக்காகவே எல்லை வரையப்பட்டவை. எல்லைக்கோடு நீரைச் சுற்றிச் செல்கிறது. கழுகோ, களப்பில் உண்டு, அதற்கு வெளியே வயலோரத்திலும் கோயில் வளவிலும் குளக்கட்டிலும் நிற்கும் முதிர்ந்த மருதையோ பாலையையோ தேடிக் கூடு கட்டக்கூடியது. கட்டளைச் சட்டம் ஒரு சிலவற்றைத் தவிர எல்லாப் பறவைகளுக்கும் பாதுகாப்பு வழங்குகிறது என்பது உண்மை. ஆயினும் கூடு வெறுமையாகக் கிடக்கும் கோடை மாதங்களில், வீடு கட்டவோ விறகுக்கோ அம்மரம் விழுந்தால், பறவை ஒன்றுக்குத் தீங்கு நேர்ந்ததாக எவருக்கும் தோன்றுவதில்லை. எறிகணைகளில் தலையிழந்த பனைகளும் முறிந்த பெருமரங்களும் மீண்டும் கூடு தாங்கும் உயரத்துக்கு வளரப் பல தசாப்தங்கள் செல்லும். இந்தியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் கடற்கழுகுகள் கோபுரங்களிலும் மின்தாங்கிகளிலும் கூடு கட்டியிருப்பது, மரம் கிடைக்காத இடத்தில் அவை தேடிய மாற்றே.

மரமின்மை ஒரு தடை என்றால் நஞ்சு இன்னொன்று. வட அமெரிக்காவில் டிடிரி என்னும் பூச்சிகொல்லி மீன்வழியாகக் கழுகின் உடலில் சேர்ந்து, முட்டையோட்டை மெலியச் செய்து, அடைகாக்கும் தாயின் எடையாலேயே முட்டைகள் உடையும் நிலையை ஏற்படுத்தியது. 1972இல் அது அமெரிக்காவில் தடைசெய்யப்பட்ட பின்னரே வெண்தலைக் கழுகுகள் மீண்டன. அதே மருந்துதான் 1940களின் நடுப்பகுதியிலிருந்து இலங்கையில் மலேரியாவை அடக்கியது. காட்டுக் காய்ச்சலுக்குப் பேர்போன வன்னியில் மக்கள் குடியேறிப் பெருக அதுவும் ஒரு காரணம். 2016இல் மலேரியா அற்ற நாடாக இலங்கை சான்று பெற்றுவிட்டது. இன்று களப்புகளுக்கு வருவது வயலில் தெளிக்கும் களைகொல்லியும் பூச்சிகொல்லியுமே. கனகராயன் ஆற்றின் நீரோடு அவையும் சுண்டிக்குளத்தில்தான் சேர்கின்றன.

கிழக்கே தொடர்ந்து செல்பவர் முல்லைத்தீவை அடையுமுன் வட்டுவாகல் பாலத்தின் அருகே நந்திக்கடலைக் காண்பர். 2009 மே மாதத்தில் போர் முடிந்த இடம் என்பதால் அதன் பெயர் உலகறிந்தது; இறாலுக்கும், கரையிலுள்ள வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிப் பொங்கலின்போது கடல்நீரில் விளக்கெரிக்கும் வழிபாட்டுக்கும் அதற்கு நெடுநாளைய பெயர் உண்டு. இக்களப்பும் நாயாறும் போருக்குப் பின் இயற்கை ஒதுக்குகளாக அறிவிக்கப்பட்டன. பாலத்திலிருந்து காலை வேளையில் கடற்கழுகைக் காண வாய்ப்புண்டு; ஆனால் வாகனப் போக்குவரத்து மிகுந்த ஒடுங்கிய பாலமாதலால் நின்று பார்ப்பதற்குக் கரையே ஏற்றது.

இளங்கழுகைப் பெற்றோரோடு காண விரும்புபவர் மாசி, பங்குனி மாதங்களைத் தேர்ந்தெடுக்கலாம். வெயில் ஏறுமுன் களப்போரத்தில் இருக்கவேண்டும். சித்திரைக்குப்பின் வலசைப் பறவைகள் வடக்கே திரும்பிவிடும். இளங்கழுகும் பெற்றோரால் விரட்டப்பட்டு அல்லது தானாகவே விலகிச் சென்றுவிடும். அவுஸ்திரேலியாவில் காலில் வளையமிடப்பட்ட இளங்கடற்கழுகு ஒன்று ஏறத்தாழ 3,000 கிலோமீற்றருக்கு அப்பால் கண்டெடுக்கப்பட்டுள்ளது. சுண்டிக்குளத்தில் பறந்த ஒன்று மன்னார்க் கரைக்கோ, பாக்கு நீரிணையைக் கடந்து கோடிக்கரைக்கோ சென்றாலும் வியப்பில்லை. அதை அறிய வளையமிடும் பணி இங்கே நடந்தாக வேண்டும், அதற்குக் கூடுள்ள மரங்களின் கணக்கை முதலில் ஊரவரிடமிருந்து எடுத்தாக வேண்டும்.